இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?

தியாம்-ஹோக் இறந்து நாற்பத்தெட்டு நாள் ஆன பிறகும், காலைச் சாப்பாட்டை முடிக்க அவருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. உயிரோடு இருந்த காலத்தில் கஞ்சியை நின்றபடியே ஊற்றிக்கொண்டு, வாயைப் புறங்கையால் துடைத்து, ஐந்தே நிமிடத்தில் வண்டியைக் கிளப்புகிற மனிதர். செத்த பிறகு இப்படி ஆற அமர உட்கார்ந்து சாப்பிடுவார் என்று யார் கண்டது?

"இன்னைக்கும் எந்திரிக்கலையா உன் வீட்டுக்காரரு?" என்று சிப்பிக் கொட்டகையிலிருந்து சியூ-போ குரல் கொடுத்தாள்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு," என்றாள் கிம்-ஹூய் உள்ளேயிருந்து.

"எங்க செத்துப்போன மாமனாரு பொக்கை வாயி. அவரே அரை மணி நேரத்துல முடிச்சிட்டு எந்திரிச்சாரு!"

கொட்டகையில் இருந்த நாலு பெண்களும் சிரித்தார்கள். குட்டை முக்காலிகளில் உட்கார்ந்து, ரப்பர் கையுறை மாட்டி, கத்தியும் கையுமாகக் காத்திருந்தார்கள். கடற்கழியிலிருந்து வந்த சிப்பிச் சரங்கள் சேறு வடியக் குவிந்து கிடந்தன. அவற்றை அறுத்து, கொத்தைத் தட்டிப் பிரித்து முன்னால் கொட்டினால்தான் அவர்கள் ஓட்டைத் திறக்க முடியும். அந்த வேலை கிம்-ஹூயுடையது. இந்த நாற்பத்தெட்டு நாளில் ஒருநாள்கூட அவள் நேரத்துக்கு வந்ததில்லை. வாடைக்காற்று வேறு தொடங்கிவிட்டது. தார்ப்பாய் இடைவிடாமல் அடித்துக்கொண்டது, திறந்து வைத்த சிப்பிச் சதையில் மணல் வந்து விழுந்தது. ஆனாலும் யாரும் அவளைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. கேலி மட்டும் செய்தார்கள். அந்த ஊரில் அனுதாபத்தைக் காட்ட வேறு வழி தெரியாது.

அவளுடைய காலை இப்படித்தான் தொடங்கும். கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் அவர் பெயர் எழுதிய காகிதம், அதற்குப் பின்னால் படம். விடிந்ததும் ஒரு தட்டில் வெந்நீர், துண்டு, பற்பசை வைத்த பல்துலக்கி எல்லாம் கொண்டுபோய் வைத்து, "எந்திரிய்யா, மூஞ்சி கழுவு" என்பாள். கொஞ்ச நேரம் விட்டு அதை எடுத்துவிட்டு, கஞ்சி, முட்டை, வறுத்த மீன் கொண்டுவந்து வைப்பாள். ஊதுவத்தி மூன்றில் ஒரு பங்கு எரிந்ததும் இரண்டு காசை எடுத்துத் தரையில் போட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்க வேண்டும். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் ஆயிற்று என்று அர்த்தம். இரண்டும் பூ என்றால் இல்லை. இரண்டும் தலை என்றால் அவர் சிரிக்கிறார். கேட்டது சரியில்லை, மறுபடி கேள் என்று பொருள். சாயங்காலமும் இதே கதைதான். நாற்பத்தொன்பதாம் நாள் கடைசிச் சாப்பாடு. அதன் பிறகு பெயர்க் காகிதத்தை எரித்து, மேசையை மடக்கி, அவரை அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நினைத்தாலும் சோறு வைக்க முடியாது.

அந்தப் படமும் அவளைக் குழப்பியது. யாரோ கல்யாணத்தில் கூட்டத்தோடு எடுத்ததிலிருந்து தலையை மட்டும் வெட்டி, படக்கடைக்காரன் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தான். தியாம்-ஹோக் ஆயுளில் டை கட்டியதில்லை. சில நாள் காலையில் தட்டோடு வந்து நின்று, யார் இந்த ஆபீசர், இவருக்கு எதற்கு நான் முட்டை பொரித்துக்கொண்டு வருகிறேன் என்று கிம்-ஹூய் திகைத்து நிற்பாள். பிறகு அந்த இடது காதைப் பார்ப்பாள். மடங்கிய காது. சரி, இவர்தான் என்று தட்டை வைப்பாள்.

அவர் இறந்த அன்று காலையில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நடந்தது அற்ப விஷயம். ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடிக்குள் சாப்பிடும் குச்சியை ஈரத்தோடு விட்டு எடுத்திருந்தார். ஜாடி முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லியும் கேட்காத மனிதர். அன்றைக்கு என்னவோ அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையை மூடி வைத்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் கிடையாது. அந்தப் பூசணத்தையே தின்னுட்டுப் போ" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரப்பர் காலணியை மாட்டினார், வண்டிச் சத்தம் கேட்டது. மத்தியானம் வந்ததும் இரண்டு முட்டையாகப் பொரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று அவள் இருந்தாள். பத்து மணிக்குப் பக்கத்துச் சிப்பிப் பந்தல்காரர் தன் பிளாஸ்டிக் குழாய்த் தெப்பத்தில் அவரைக் கிடத்திக் கொண்டுவந்தார். சரத்தைத் தூக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம்.

வெறும் வயிற்றோடு போன மனிதர். அவரிடம் எந்த வாயால் "போதுமா?" என்று கேட்பது? போதாது என்று சொல்லிவிட்டால்? அதனால் கிம்-ஹூய் முதல் நாளிலிருந்தே வேறு கேள்வி கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" பூவும் தலையும் விழுந்தால் சந்தோஷமாக இன்னொரு கரண்டி வைப்பாள். விழாவிட்டால் மீனைத் திருப்பி வைத்து, ஊதுவத்தியை மாற்றி, திரும்பக் கேட்பாள். கஞ்சி ஆறி ஏடு கட்டி, பூனை வந்து உட்கார்ந்து, கொட்டகையில் ஆட்கள் கத்தத் தொடங்கிய பிறகுதான் மனமில்லாமல் தட்டை எடுப்பாள். ஏழேழு நாளுக்கு ஒருமுறை பூசாரியும் உறவுக்காரர்களும் வந்தபோதுகூட, அவர்கள் வருவதற்கு முன்பே இருட்டோடு சாப்பாட்டை முடித்துவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

மகள் யி-ஜென் தாய்ச்சூங் நகரத்தில் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவள், அம்மாவின் கோலத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். ஒரே அடுப்பில் இரண்டு பானை சோறு. கொடியில் அப்பாவின் கையுறை, துவைத்துக் காயப் போட்டது.

"அம்மா, போன்ல ஒண்ணு படிச்சேன். துக்கத்துக்கு அஞ்சு படி இருக்காம். மொதல்ல நம்ப மாட்டோமாம். அப்புறம் கோவம் வருமாம். மூணாவது பேரம் பேசுவோமாம். நாலாவது ஒரே அழுகையா, எதுலயும் ஒட்டாம இருக்கும். அஞ்சாவதுல மனசு ஏத்துக்கும்."

கிம்-ஹூய் வெங்காயத்தாளை நறுக்குவதை நிறுத்தவில்லை. "நான் இப்ப எதுல இருக்கேன்?"

"கோவம்னு நெனைக்கிறேன். நான் வந்ததுலேர்ந்து அப்பா செருப்பத் திட்டிக்கிட்டே இருக்கியே."

"காலையில அழுதேனே?"

"அது நாலாவது."

"அப்ப மூணாவது எங்க போச்சு? தவற விட்டுட்டேனா? திரும்பிப் போய் எடுத்துட்டு வரணுமா?"

"அம்மா..."

"மத்தியானம் கடைத்தெருவுல நின்னு அவருக்கு ரப்பர் காலணி என்ன அளவுன்னு யோசிச்சேன்டி. வாங்கிட்டும் வந்துட்டேன். அது மொதலாவது தானே? காலையில நாலு, மத்தியானம் ஒண்ணு, இப்ப ரெண்டு. எழுதுனவன் பொண்டாட்டி செத்துருக்காளா கேளு."

யி-ஜெனுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிம்-ஹூய்க்கு அதே மூச்சில் கண்ணீரும் வந்துவிட்டது. மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பின்-நியோ வந்து இறங்கினாள். தியாம்-ஹோக்கின் அக்கா, எழுபது வயசு, இரண்டு முழங்காலும் தேய்ந்தவள், நாக்கு மட்டும் தேயவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் தம்பி பெண்டாட்டி சமைத்ததை ஒருமுறைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

"மீன் கருகிப்போச்சு," என்றாள் மேசையைப் பார்த்ததும்.

"மொறுமொறுன்னு இருந்தாதான் அவருக்குப் பிடிக்கும், அக்கா."

"எனக்குத் தெரியாதா அவனுக்கு என்ன பிடிக்கும்னு? எங்கம்மாவுக்குக் கழியில வேலை, நான்தான் அவனத் தூக்கி வளத்தேன்."

எட்டு மணிக்குப் பூசாரி வந்தார். பத்தரைக்கு வேறு வீட்டில் சாவு இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டார். கொட்டகைப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு, கையுறையோடு வாசற்படி ஓரமாக வந்து நின்றார்கள். தண்ணீர் வைத்தாயிற்று, சோறு வைத்தாயிற்று, பூசாரி மணி அடித்து ஏதோ பாடி முடித்தார்.

"கடைசிச் சாப்பாடும்மா. நீங்களே கேட்டுருங்க," என்றார்.

கிம்-ஹூய் காசை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குலுக்கினாள். வாய் பழக்கத்தில் முணுமுணுத்தது. போட்டாள். ஒன்று பூ, ஒன்று தலை.

"அப்பாடா, ஒரே தடவையில!" என்று பூசாரி எழுந்தார். ஆனால் கிம்-ஹூய் கரண்டியை எடுத்து, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

பின்-நியோ அவள் கையைப் பிடித்தாள். "நில்லு. நீ என்ன கேட்ட?"

கிம்-ஹூய் கரண்டியை விடவில்லை.

"வாய்க்குள்ள என்னமோ சொன்னியே. என் காது இன்னும் செவிடாகல. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு தானே கேட்ட?"

கிம்-ஹூய் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எத்தன நாளா?"

"மொத நாள்லேர்ந்து."

வாசற்படியில் சியூ-போ "அட பாவி, அதான் ரெண்டு மணி நேரமா!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"நாப்பத்தொம்பது நாளா என் தம்பிய மேசைய விட்டே எந்திரிக்க விடலையா நீ? அவன் சின்ன வயசுலேர்ந்தே வேணாம்னு சொல்லத் தெரியாதவன். வைக்க வைக்க ஆமா ஆமான்னு உக்காந்துருப்பானே!"

பூசாரிக்கு முகம் வாடியது. இப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை. "இதுல சாஸ்திரம் ஒண்ணும் எனக்குத் தெரியல. முறையா ஒரு தடவ கேட்டுட்டா சரியாப் போயிடும். போதுமான்னு கேளுங்கம்மா."

"நான் கேக்க மாட்டேன்."

"அப்ப நான் கேக்குறேன்," என்று யி-ஜென் மண்டியிட்டாள். "அப்பா, சாப்பிட்டாச்சா? போதுமா?" காசு விழுந்தது. இரண்டும் தலை.

"சிரிக்கிறாரு," என்றார் பூசாரி.

மறுபடி போட்டாள். இரண்டும் பூ. அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் வழி சொல்லத் தொடங்கினார்கள். சிகரெட் வைக்கவில்லையே என்றாள் ஒருத்தி. பற்றவைத்து வைத்தார்கள்; இரண்டும் பூ. வெற்றிலைப் பாக்கு? சிரித்தார். டிவியில் வானிலைச் செய்தி போட்டால்தானே அவர் சாப்பிடுவார் என்று சியூ-போ சொல்ல, அதையும் போட்டார்கள். வாடைக்காற்று பலமாக வீசும், கடலுக்குப் போக வேண்டாம் என்று டிவிக்காரி சொன்னாள். காசு மறுபடி இரண்டும் பூ. பூசாரி அங்கியைத் தூக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏதோ ஒரு குறை இருக்கு. சொல்ல வேண்டியத யாரோ சொல்லாம வச்சிருக்கீங்க," என்றார். இதை அவர் எல்லா வீட்டிலும் சொல்கிறவர்தான். ஆனால் கிம்-ஹூய்க்கு அந்தச் சொல் நெஞ்சில் போய்க் குத்தியது.

"அவரு பசியோட போனாரு," என்றாள்.

"யாரு?"

"அன்னைக்குக் காலையில நான் கஞ்சி குடுக்கல. பானைய மூடி வச்சிட்டேன். ஊறுகாயில ஈரக் குச்சிய விட்டாருன்னு கோவம். பூசணத்தத் தின்னுட்டுப் போன்னு சொன்னேன். ஒண்ணுமே சொல்லாமப் போனாரு. திரும்பி ஒரு வார்த்த திட்டியிருக்கலாம்ல? திட்டாமப் போனா நான் என்னன்னு எடுத்துக்கிறது? வயித்துல ஒண்ணும் இல்லாமதான் அந்தச் சரத்தத் தூக்கியிருக்காரு. இப்ப போதுமான்னு கேக்கச் சொல்றீங்க. எதுக்குப் போதும்? இந்த நாப்பத்தொம்பது நாளு சோறும் அந்த ஒரு வேளைக்கு ஆகுமா?"

டிவி அலை உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. யி-ஜென் போய் அதை நிறுத்தினாள்.

பின்-நியோவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "என் தம்பிய... பட்டினியாவா அனுப்புன?" குரல் உடைந்து போயிருந்தது. "பஞ்ச காலத்துல எனக்கு இல்லன்னாலும் அவனுக்கு ஊட்டுனேன்டி. ஒரு வள்ளிக்கிழங்கு கிடைச்சா பாதிக்கு மேல அவனுக்குத்தான். ஒரு ஊறுகா ஜாடிக்காகவா? ஊறுகா ஜாடிக்காகவா அவனப் பசியோட விட்ட?"

"அத்தை, போதும்," என்றாள் யி-ஜென்.

"என்னத்தப் போதும்? உங்கம்மாவே போதாதுங்கிறா!"

நாத்தனார் இன்னும் நாலு சொல் சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட கிம்-ஹூய்க்குத் தோன்றியது. அதே நேரத்தில் அந்த வாயைப் பொத்திவிட வேண்டும் போலவும் இருந்தது. எது தன் மனசு என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"யாரு சொன்னா அவரு பசியோட போனாருன்னு?"

வாசற்படியிலிருந்து சியூ-போ பேசினாள். எல்லோரும் திரும்பினார்கள். காலை வேளையில் கோயில் வாசலில் தள்ளுவண்டி போட்டு, கிண்ணத்தில் அவித்த அரிசிமாவுக் களி விற்றுவிட்டுத்தான் அவள் கொட்டகைக்கு வருவாள்.

"அன்னைக்கு என் வண்டிகிட்டதான் நின்னாரு. ரெண்டு கிண்ணம் தின்னாரு. வீட்டுல இன்னைக்கு அடுப்பு மூடியாச்சுன்னு சொல்லிச் சிரிச்சாரு. சண்ட போட்டா அங்கதான வருவாரு, புதுசா என்ன?"

கிம்-ஹூய் அவளையே பார்த்தாள். "இத்தன நாளு ஏன் சொல்லல?"

"பட்டினியாப் போனாருன்னு நீ இன்னைக்குத்தான வாயத் தொறந்த? எனக்கு என்ன சோசியமா தெரியும்?"

"சூடாவா தின்னாரு?"

"ஆவி பறக்க. நின்னுக்கிட்டேதான். மேல குழம்பு ஊத்தி, கொத்தமல்லிய அள்ளித் தூவிக் குடுத்தேன். ஒரு இலைகூட மிச்சம் வைக்கல."

கூடத்தில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தூக்கிவாரிப்போட்டது. தியாம்-ஹோக்குக்குக் கொத்தமல்லி வாடையே ஆகாது. தன் கல்யாண விருந்தில்கூடச் சூப்பிலிருந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கிப் புதுப்பெண்ணின் கிண்ணத்தில் போட்ட மனிதர். அப்பா வீட்டில் இருந்தால் கொத்தமல்லி வாங்கக்கூடாது என்பது யி-ஜெனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பின்-நியோ சிறுவயதில் அதைக் கிழங்குக் கஞ்சியில் ஒளித்து ஊட்டப் பார்த்து, முகத்தில் துப்பு வாங்கியவள்.

யி-ஜென் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்-நியோ முந்திக்கொண்டாள்.

"ஆமா," என்றாள், பொங்கி வந்ததை விழுங்கிக்கொண்டு. "கொத்தமல்லின்னா அவனுக்கு உசிரு. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

கிம்-ஹூய் நாத்தனாரைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் தம்பி பெண்டாட்டிக்குச் சாதகமாக ஒரு பொய்கூடச் சொல்லாத மனுஷி. அவள் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, தாடை மட்டும் இறுகிப்போய் இருந்தது. சியூ-போ சொன்னது முழுக்கவும் பொய்யா? இல்லை, களி தின்றது நிஜம், கொத்தமல்லி மட்டும் அவள் கைப்பழக்கத்தில் வந்த பேச்சா? வீட்டில்தான் வேண்டாம் என்பாரோ, வெளியில் தின்பாரோ? இனி யாரிடம் கேட்பது? அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இந்த இரண்டு பெண்களும் தன் கையைப் பிடித்து எங்கேயோ இழுக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் காசை எடுத்தாள்.

"போதுமாய்யா?" என்றாள்.

ஒரு காசு அவள் காலடியில் விழுந்தது. பூ. இன்னொன்று விளிம்பில் உருண்டு, வெள்ளைத் துணிக்கு அடியில், மேசைக்குள் போய்விட்டது.

யி-ஜென் குனிவதற்குள் பின்-நியோ அவளைத் தள்ளிவிட்டாள். மூத்தவள் தம்பி படத்துக்கு முன்னால் மண்டியிடக் கூடாது. அவள் மண்டியிட்டால் செத்தவனுக்குத்தான் பாவம். "அம்மா, நீங்க கூடாது," என்று பூசாரி பதறினார். பின்-நியோ கேட்டதாகத் தெரியவில்லை. தேய்ந்த முழங்காலை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் ஊன்றி, துணியைத் தூக்கி, தலையை உள்ளே நுழைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

வெளியே வந்தபோது காசு அவள் கைக்குள் இருந்தது. காலடியில் கிடந்ததையும் பொறுக்கி, இரண்டையும் சேர்த்து முஷ்டியை மூடிக்கொண்டாள்.

"பூவும் தலையும்," என்றாள். "வயிறு ரொம்பிருச்சுங்கிறான். போதும் கிம்-ஹூய்."

பூசாரி எதையோ சொல்ல வந்தார். பின்-நியோ அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மணியை எடுத்து அடிக்கத் தொடங்கினார்.

கிம்-ஹூய் கையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. மூடிய அந்த முஷ்டியைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிங்க அக்கா," என்றாள். "தரை சில்லுனு இருக்கு."